மூக்கு அறிந்த விஸ்கி

தமிழ்நாட்டுப் பெண்களில் பெரும்பாலோர் விஸ்கியை மூக்கால்தான் அறிந்திருக்கிறார்கள். அப்பாவின் சட்டையில், கணவனின் மூச்சில், கடைசிப் பேருந்தில் அருகே வந்து நின்ற யாரோ ஒருவனின் பேச்சில் அது நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வாசலில் செருப்பு கழற்றும் ஓசை கேட்டதும் ஒரு மூச்சை இழுத்து, இன்றைக்கு எவ்வளவு, என்ன சரக்கு, கூலிப் பணத்திலா கடனிலா, இனி சோறா சண்டையா என்று கணித்துவிடும் பெண்கள் நம் தெருக்களில் வாழ்கிறார்கள். விஸ்கியைச் சுவைத்து மதிப்பிடுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள், அந்த வேலையில் பெரும்பகுதி மூக்குக்குத்தான் என்பார்கள். அப்படியானால் இந்தப் பெண்களின் அறிவுக்கு என்ன பெயர்?

இந்தக் கேள்வியோடுதான் ஓர் அமெரிக்க விஸ்கியைச் சுவைத்துப் பார்த்தேன். இது குடிக்கச் சொல்லும் கட்டுரையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவைப் புற்றுநோய்க் காரணியாக 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. மதுவால் வரும் புற்றுநோய்களின் பட்டியலில் மார்பகப் புற்றுநோயும் பின்னர் சேர்ந்தது. குடிப்பது விடுதலை என்று என் மாணவியரிடம் நான் சொன்னதில்லை, சொல்லப்போவதுமில்லை. ஆனால் ஒரு பொருளைச் சுவைத்து, காரணம் சொல்லி, நல்லது கெட்டது பிரித்துரைப்பதற்குப் பெயர் விமர்சனம். அது என் தொழில். சுவை என்ற ஒரே சொல்லை உணவுக்கும் கவிதைக்கும் பொதுவாக வைத்திருக்கும் மொழியில் அந்தத் தொழிலைச் செய்கிறேன். புறநானூற்றின் 235ஆம் பாடலில் ஔவையார், இறந்துபோன அதியமானை நினைத்து அழும்போது, அவனோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட நாட்களைத்தான் முதலில் எண்ணுகிறார். அந்தப் பாடலை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். ஆண் புலவர்கள் கள்ளையும் தேறலையும் நறவையும் பாடும் இடங்களில் அந்தச் சிரிப்பு எழுவதில்லை. பெண் ஒருத்தி மதுவைப் பற்றி அறிந்து பேசுவதே நகைப்புக்குரியதாக, அல்லது அருவருப்புக்குரியதாக ஆகிவிட்ட இடத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

நான் தேர்ந்தெடுத்தது மேக்கர்ஸ் மார்க். கென்டக்கி மாநிலத்தில் லொரெட்டோ என்ற சிற்றூரில் வடிக்கப்படும் போர்பன். போர்பன் என்று பெயர் சூட்டுவதற்கு அமெரிக்கச் சட்டம் சில நிபந்தனைகளை வைத்திருக்கிறது. தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறத்தைத் தீயில் கருக்கிய புதிய ஓக் மரக்கலத்தில் அதை ஊறவைக்க வேண்டும். புட்டியில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. பெரும்பாலான போர்பன்களில் மக்காச்சோளத்துக்கு அடுத்த தானியமாக ரை இருக்கும்; கிராம்பையும் மிளகையும் நினைவூட்டும் காரத்தைத் தருவது அதுதான். மேக்கர்ஸ் மார்க்கில் ரை கிடையாது. 70 விழுக்காடு மக்காச்சோளம், 16 விழுக்காடு கோதுமை, 14 விழுக்காடு முளைகட்டிய பார்லி.

ரையை நீக்கிக் கோதுமையைச் சேர்த்தது எப்படி என்பதற்கு ஒரு கதை உண்டு. 1953இல் பில் சாமுவேல்ஸ் பழைய வடிசாலை ஒன்றை வாங்கினார். ஒவ்வொரு தானியக் கலவையையும் வடித்து, ஆண்டுக்கணக்கில் ஊறவைத்துப் பார்க்க நேரமில்லை. அதனால் அந்தக் கலவைகளில் ரொட்டி சுட்டுத் தின்றுபார்த்து முடிவெடுத்தார்களாம். இந்தக் கதையை யார் சொல்கிறார்களோ அதைப் பொறுத்து அடுப்பருகே நிற்பவர் மாறுகிறார். ஒரு சொல்லில் ரொட்டி சுட்டவர் கணவர், இன்னொரு சொல்லில் கணவனும் மனைவியும் சேர்ந்து. அந்த மனைவி மார்ஜி சாமுவேல்ஸ். லூயிவில் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துப் பட்டம் பெற்றவர்.

அழகான கதைதான். ஆனால் பிரதியை ஊன்றிப் படிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இதில் இரண்டு இடங்கள் உறுத்தும். போர்பனின் சுவையில் பெரும்பங்கு கருக்கிய மரத்திலிருந்து வருகிறது. அதை ரொட்டி சொல்லாது. அதே கென்டக்கியில் ஸ்டிட்ஸெல்-வெல்லர் ஆலையில் கோதுமை சேர்த்த போர்பன் ஏற்கெனவே வடிந்துகொண்டிருந்தது. கோதுமையின் குணத்தை அறிய ரொட்டி மட்டுமே வழியாக இருந்திருக்காது. கதைக்கு ரொட்டி ஏன் தேவைப்படுகிறது என்பதே என் கேள்வி. விஞ்ஞானப் பட்டம் பெற்ற ஒரு பெண்ணை வணிக வரலாற்றுக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அவளுக்கு அங்கே இடம் கொடுக்கக்கூடிய ஒரே அறை சமையலறை. ஆய்வுக்கூடத்தில் நிற்க வைத்தால் கதை வேறாகிவிடும். அவளைப் புகழ்ந்துகொண்டே அவளுடைய படிப்பைக் கழித்துவிடுகிறது இந்தக் கதை. நம் வீட்டு விழாக்களில் முனைவர் பட்டம் பெற்ற பெண்ணை, 'இத்தனை படித்தும் சாம்பார் அருமையாக வைப்பாள்' என்று அறிமுகம் செய்கிறார்களே, அந்தப் புகழ்ச்சியின் கென்டக்கி வடிவம் இது.

மார்ஜி என்ன செய்தார் என்பதற்குக் கண்ணெதிரே சான்று இருக்கிறது, புட்டியைப் பார்த்தால் போதும். பெயர் அவர் வைத்தது. ஈயப் பாத்திரங்களைச் சேகரித்தவர் அவர். பாத்திரத்தின் அடியில் செய்தவர் பொறிக்கும் முத்திரையிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார். நம் வீட்டுப் பித்தளைக் குடங்களில் பெயர் வெட்டியிருக்குமே, ஏறத்தாழ அது போல. புட்டியின் வடிவமும் சீட்டின் எழுத்தும் அவருடையவை. கழுத்தில் வழிந்து உறைந்திருக்கும் சிவப்பு மெழுகும் அவருடைய எண்ணம்தான். அதையும் சமையலறையில் பலகாரம் பொரிக்கும் கலத்தில் உருக்கிப் பார்த்தார் என்றே சொல்வார்கள். 1958இல் முதல் புட்டி வெளிவந்தது. இன்றும் ஒவ்வொரு புட்டியையும் ஒரு தொழிலாளி கையால் மெழுகில் முக்கி எடுக்கிறார்.

அவர் வடிவமைத்த முத்திரையில் ஒரு நட்சத்திரம், எஸ் என்ற எழுத்து, ரோமன் எண்ணில் நான்கு. நட்சத்திரம் அவர்களுடைய பண்ணையின் பெயரைக் குறிக்கிறது. எஸ் என்பது சாமுவேல்ஸ். நான்கு என்பது நான்காம் தலைமுறை. தந்தை, மகன், பேரன் என்று எண்ணி வந்த கணக்கு அது. செய்தவரின் முத்திரை என்று பெயர் சூட்டியவர், செய்தவரின் முத்திரையை வரைந்தவர், அந்த முத்திரைக்குள் கணவன் வீட்டுப் பெயரை எழுதி வைத்தார். 2012இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, வழியும் சிவப்பு மெழுகு இந்த நிறுவனத்துக்கே உரிய வணிகக் குறி, மற்றொரு மது நிறுவனம் அதைத் தன் புட்டியில் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஒரு பெண்ணின் வீட்டுக் கைவேலை சட்டத்தின் பார்வையில் சொத்து ஆனது. அது நிறுவனத்தின் சொத்து. கென்டக்கி போர்பன் புகழ்மண்டபத்தில் மார்ஜியின் பெயர் சேர்ந்தது 2014இல். முதல் புட்டி வந்து ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து.

இது ஒரு மார்ஜியின் கதை மட்டுமில்லை. போர்பன் வடிப்பில் முந்தைய வடிப்பின் புளித்த மிச்சநீரை அடுத்த ஊறலில் சேர்க்கும் முறை ஒன்று உண்டு. ஊறல் கெடாமலும் ஒவ்வொரு முறையும் ஒரே சுவையில் வரவும் அது உதவுகிறது. உறைமோர் வைத்துப் பழகிய கைகளுக்கு இந்தத் தர்க்கம் அந்நியமாக இராது. இங்கே சேர்வது உயிருள்ள உறையன்று, புளிப்பு என்பதே வேறுபாடு. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் குரோ என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். குரோவின் காலத்துக்கு முன்பே, 1818ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கையெழுத்துச் செய்முறைக் குறிப்பு ஒன்று கென்டக்கி வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. அது கேத்தரின் கார்ப்பென்டர் என்ற பெண்ணுடையது. பக்கத்து டென்னசி மாநிலத்தில் இளம் ஜாக் டேனியலுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நியரெஸ்ட் கிரீன் என்ற, அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பர். உலகமெங்கும் விற்கும் அந்தப் புட்டியின் நிறுவனம் அவரைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது 2016இல்தான். இன்று அவர் பெயரில் விற்கும் விஸ்கிக்கு எந்தப் பீப்பாயை எதனோடு கலப்பது என்று தீர்மானிக்கும் தலைமைக் கலவையாளராக 2019இல் பொறுப்பேற்றவர் அவருடைய வழித்தோன்றல் விக்டோரியா ஈடி பட்லர்.

தீர்ப்புச் சொல்லும் இடத்தில் பெண் அமர்வதற்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்பதைச் சட்டப் புத்தகமும் சொல்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் பெரிய ஊர்களின் மதுக்கூடங்களில், உரிமையாளரான ஆணின் மனைவியாகவோ மகளாகவோ இருந்தால்தான் ஒரு பெண் மது கலந்து கொடுக்கும் வேலையைச் செய்யலாம் என்று சட்டம் இருந்தது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. மேசைக்கு எடுத்துச் சென்று பரிமாறுவதற்குத் தடையில்லை. தூக்கிச் செல்லலாம், அளந்து கலக்கக் கூடாது. நியூயார்க்கின் மெக்சார்லி மதுக்கூடம் பெண்களை உள்ளே விட்டது 1970இல், அதுவும் வழக்குக்குப் பிறகு.

இனிச் சுவைக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த தோழி ஒருத்தி வாங்கி வந்த புட்டி. மூன்று மாலைகள், நான்கு பெண்கள், ஆளுக்கு ஒரு குறிப்பேடு. வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் முப்பது மில்லி. மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்பருகே வைத்து, வாயைச் சற்றே திறந்தபடி முகர வேண்டும்; இல்லையென்றால் ஆல்கஹாலின் எரிச்சல் மூக்கை மரக்கச் செய்துவிடும். முதல் மிடறு நாவை எழுப்புவதற்கு மட்டும். இரண்டாம் மிடற்றிலிருந்துதான் எழுத வேண்டும். பிறகு அரைக் கரண்டித் தண்ணீர் விட்டு மறுபடி.

என் குறிப்பு இது. முகர்ந்ததும் வெல்லப்பாகு, கம்பிப் பதத்துக்குச் சற்று முன்னால். அதன்பின் வனிலா, ஓக் மரத்தின் லிக்னின் சிதைந்து தரும் மணம் அது. பிறகு கொப்பரை, அதுவும் ஓக் தருவதுதான். தச்சுப்பட்டறையில் புதிதாக இழைத்த பலகை. நாவில் முதலில் இனிப்பு, நடுவில் மக்காச்சோளம் வெந்த மணம், பக்கவாட்டில் இலேசான துவர்ப்பு. இந்தத் துவர்ப்பு என்ற சொல்லுக்காகத் தமிழுக்கு நன்றி சொல்ல வேண்டும். மரத்தின் டானின் வாயை இறுக்குவதைப் பிறமொழிக் குறிப்புகள் சில நேரம் கசப்பு என்றும் சில நேரம் வறட்சி என்றும் எழுதித் தடுமாறுகின்றன. வாழைப்பூவும் பாக்கும் தின்று வளர்ந்த நாவுக்கு அது தனிச் சுவை, ஆறில் ஒன்று. மேக்கர்ஸ் மார்க்கில் துவர்ப்பு அளவாக இருக்கிறது. தண்ணீர் விட்டதும் பாகு இளகி, கோதுமை ரொட்டியின் மேலோட்டு மணம் கொஞ்சம் எழுகிறது. விழுங்கிய பின் தொண்டையில் நிற்கும் நேரம் குறைவு. கதவைச் சாத்திக்கொண்டு சீக்கிரமே போய்விடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, ரை சேர்ந்த வைல்ட் டர்க்கியை வைத்திருந்தோம், 50.5 விழுக்காடு. எது எந்தக் குவளை என்று சொல்லாமல்தான் கொடுத்தோம். கோதுமை போர்பனை மென்மையானது, வழுவழுப்பானது, பெண்களுக்கு ஏற்றது என்று எழுதும் வழக்கம் விஸ்கி எழுத்தில் உண்டு. எங்கள் மேசையில் சுவைத்த மூவரில் இருவர் வைல்ட் டர்க்கியின் கிராம்பையும் மிளகையும் விரும்பினார்கள். பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு ரசம் வைப்பவர்களின் நாவுக்குக் காரம் ஆண்பால் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

மென்மை என்ற சொல்லை நான் மறுப்பது வேறு காரணத்துக்காகவும்தான். அந்தச் சொல் ஒரு முடிவை இயல்பாக மாற்றிவிடுகிறது. இந்த விஸ்கி எரியாமல் இறங்குவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. கோதுமை தன் சுவையை முன்னே தள்ளுவதில்லை. மக்காச்சோளத்தின் இனிப்புக்கும் மரத்துக்கும் வழிவிடுகிறது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5 விழுக்காடு வரை சட்டம் அனுமதிக்கிறது. இவர்கள் 55இல் ஊற்றுகிறார்கள், அதனால் அதிகப் பீப்பாய்கள் வேண்டும், செலவு கூடும். கிடங்கின் மேல்தளத்தில் வெப்பம் அதிகம் என்பதால் பீப்பாய்களைத் தளம் மாற்றி அடுக்குகிறார்கள். முதுகு ஒடியும் வேலை. இத்தனை கணக்கையும் உழைப்பையும் மென்மை என்ற ஒரே சொல்லில் போட்டு மூடி, அந்தச் சொல்லைப் பெண்ணின் இயல்போடு கட்டிவைக்கிறோம். அம்மாவின் கைப்பக்குவம் என்று சொல்லி அவள் படித்தறிந்த அளவுகளையும் நெருப்பையும் மறைப்பது போல.

எங்களில் நான்காமவர் குடிக்கவில்லை. எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா என்றே அழைப்போம். அவருடைய கணவர் குடித்துக் கல்லீரல் கெட்டு இறந்தவர். முதல் மாலையில் மற்றவர்களின் குறிப்பேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் மாலையில் தானே குவளையை எடுத்து, கண்ணை மூடி, விளிம்பருகே வைத்து முகர்ந்தார். யாரும் சொல்லித்தராமலே வாயைச் சற்றுத் திறந்திருந்தார்.

"மேல வெல்லம். உள்ள, புதுசா மரக்கட்டில் வாங்கினா ஒரு வாசம் வருமே, அது. எல்லாத்துக்கும் அடியில அவரு மூச்சு."

குவளையின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தார். "எனக்கு இவ்வளவு போதும் கண்ணு."

அன்று எழுதப்பட்ட குறிப்புகளில் மிகத் துல்லியமானது அதுதான். மூன்று வரிகளில் மேல் மணம், நடு மணம், அடி மணம். நம் கடைகளில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. அவர் கணவர் குடித்ததும் கென்டக்கியில் வடிந்ததும் ஒன்றல்ல என்று நான் விளக்கியிருக்கலாம். ஆனால் தானியமானாலும் கழிவுப்பாகானாலும் அடியில் இருப்பது ஒரே எத்தனால். எந்த நடுவர் குழுவும் 'அவர் மூச்சு' என்பதைச் சுவைக்குறிப்பாக ஏற்காது. நான் ஏற்கிறேன். விலை கொடுத்துக் கற்ற மூக்கு அது.

2013 பிப்ரவரியில் மேக்கர்ஸ் மார்க் நிறுவனம் ஓர் அறிவிப்பு செய்தது. தேவை அதிகம், சரக்கு போதவில்லை. ஆகவே 45 விழுக்காட்டிலிருந்து 42ஆகக் குறைக்கப்போகிறோம், எங்கள் சுவைஞர்களுக்கே வேறுபாடு தெரியவில்லை என்றார்கள். குடிப்பவர்கள் கொதித்தார்கள். பத்து நாட்கள்கூட ஆகவில்லை, முடிவைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது நிறுவனம். மூன்று விழுக்காட்டுத் தண்ணீருக்காக எழுந்த தீர்ப்பு ஒரு பெருநிறுவனத்தைப் பணிய வைத்தது.

நம் ஊரில் 1983இல் தொடங்கிய அரசு நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது. பள்ளிக்குப் பக்கத்தில் கடை வேண்டாம், பேருந்து நிறுத்தத்தில் வேண்டாம் என்று கிராமசபையில் கைதூக்கித் தீர்மானம் போடும் பெண்களும் மதுவுக்குத் தீர்ப்புச் சொல்பவர்கள்தாம். அவர்களுக்குப் பத்து நாளில் பதில் வருவதில்லை. பல ஊர்களில் பத்து ஆண்டுகளிலும் வருவதில்லை. குடிப்பவரின் நாவு வாடிக்கையாளரின் நாவு, அதற்கு மதிப்புண்டு. குடிக்காதவளின் மூக்குக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. இதே ஊரில், கடை முன்னால் ஒரு பெண் வாங்க வந்து நின்றால் உடனே கைப்பேசிகள் உயரும். மறுப்பவளாக வந்தாலும் வாங்குபவளாக வந்தாலும் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவள் நிற்கக் கூடாது என்பதே இரண்டிலும் உள்ள விதி. மதுவை எதிர்க்கும் தோழியரோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் எதிர்ப்பவள் ஏதும் அறியாதவளாக, கண்ணீர் மட்டும் உடையவளாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை நாம் ஏற்க வேண்டியதில்லை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மேக்கர்ஸ் மார்க் நேர்மையாகச் செய்யப்பட்ட விஸ்கி. மணத்தில் வலுவானது, நாவில் ஒழுங்கானது, முடிவில் பலவீனமானது. 45 விழுக்காடு அதற்குச் சரியான எலும்பு. 42இல் அது நிமிர்ந்து நின்றிருக்காது என்பதைத் தண்ணீர் விட்ட இரண்டாம் குவளை எனக்குக் காட்டியது. வைல்ட் டர்க்கியில் இருக்கும் எதிர்ப்பும் நீட்சியும் இதில் இல்லை. நல்ல போர்பன்களின் வரிசையில் வைப்பேன், மிகச் சிறந்தவற்றின் வரிசையில் வைக்கமாட்டேன். புட்டியின் வடிவமைப்புக்கு உள்ளே இருப்பதைவிட அதிக மதிப்பெண். மெழுகு வழிந்த தடம் ஒவ்வொரு புட்டியிலும் வேறு வேறாக இருக்கிறது. சட்டம் யார் பெயரில் பதிந்திருந்தாலும் நான் அதில் மார்ஜியின் கையைப் பார்க்கிறேன்.

புட்டியில் பாதி மீதமிருக்கிறது. மூன்று குறிப்பேடுகளையும் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நான்காவதில் அக்கா எதுவும் எழுதவில்லை. அவர் சொன்ன மூன்று வரிகளை அவரிடம் அனுமதி கேட்டு நான்தான் எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டியபோது, 'அடியில' என்பதை 'அடியில்' என்று மாற்றியிருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். திருத்திவிட்டேன்.